நாலாம் பெஞ்சின் ஓரம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கோயில் இருந்ததாம். கோயிலுக்குள்ளே ஆண்கள் பக்கம் பதினாலு பெஞ்சு, பெண்கள் பக்கம் பதினாலு பெஞ்சாம். பெஞ்சுக்கு ஆறு பேராம், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் ஏழாவது ஆளுக்கும் இடமாம். பிறகு ஒரு காய்ச்சல் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தபோது, சாரோன்புரம் கோயிலின் மூன்றாம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த எப்சிபா டீச்சருக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிற அதே ராகத்தில் இது மனசுக்குள் ஓடியது. காய்ச்சல் வந்ததாம் என்பதோடு கதை நின்றுகொண்டது. பிள்ளைகளாக இருந்தால் பிறகு என்ன டீச்சர் என்று கேட்பார்கள். பிறகு என்ன. முன்னால் முதல் பெஞ்சில் ஆராதனை நடத்துகிற ஐயருடைய மனைவி, ஐயரம்மா. இரண்டாம் பெஞ்சில் கண்புரை விழுந்த பொன்னுக்கிளிப் பெரியம்மை. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. பின்னால் யார் வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இதே இடத்தில் உட்காருகிறவளுக்குக் காது போதும். அது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம், அது கதவோரம் கடைசிப் பெஞ்சில் யாரோ பையை வைக்கும் சத்தம். வருகிற எல்லாரும் கடைசியிலேயே உட்காருகிறார்கள். வந்ததை விடப் போவது சுலபமாக இருக்கட்டும் என்பதுபோல. பெஞ்சுகளில் ஒன்றுவிட்டு ஒரு இடத்தில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. உட்காரக் கூடாத இடம். அந்தக் குறிகளைப் போட்டதே எப்சிபாதான், கணக்கு டீச்சர் போட்டால் நேராக இருக்கும் என்று சொன்னார்கள். போன மாதம் டர்பன்டைன் வாங்கி வந்து நான்கு நாள் சுரண்டிப் பார்த்தாள். குறி வெளுத்ததே ஒழியப் போகவில்லை. டர்பன்டைன் அவளுக்குத் தீய்ந்த பால் மாதிரி வாடை அடித்தது. அந்தக் காய்ச்சலில் போன வாசனை பாதிதான் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் தாறுமாறாக. மல்லிகைப்பூவுக்கு ஒன்றுமே இல்லை. காப்பிக்கு ஈரச்சாக்கு. அந்தக் காய்ச்சல் என்று நினைத்ததும் தொண்டைக்குள் விரலால் வருடுவதுபோல ஒரு அரிப்பு. காலையில் எழுந்ததிலிருந்தே இருக்கிறது. மூன்று தடவை உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தாள். தேரிச் செம்மண்ணில் ஒரு வாரம் அலைந்திருக்கிறோம், தூசி, வேறு ஒன்றும் இல்லை, தூசிதான் என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்து எல்லாரும் எழுந்தார்கள். ஐயர் எட்வின் சின்ன வயசு, இந்தச் சேகரத்துச் சபைகளுக்கு வந்து பத்து மாதம். கை நிறைய எதிர்பார்ப்போடு வந்தவர், இப்போது ஞாயிறு தோறும் வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறார். அவர்தான் சொன்னார், இப்படியே போனால் டீச்சர், இந்தக் கோயிலுக்குத் தனியாக ஒரு ஐயரைப் போட மாட்டார்கள், மாதத்துக்கு ஒரு ஆராதனை, மற்ற வாரம் பூட்டுத்தான் என்று. அப்போது எப்சிபா சொன்னாள், கையைத் தொடாமல் சபை எப்படி ஐயா ஒட்டும், சமாதானத்தைப் பழையபடி கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள் என்று. பழையபடி என்றால், ஆராதனை நடுவில் ஐயர் பீடத்திலிருந்து இறங்கி முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்குக் கையைக் கொடுப்பார். வாங்குகிறவர் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் பின்னால் திரும்பிப் பின்பெஞ்சுக்கும் கொடுக்க வேண்டும். அப்படியே பீடத்திலிருந்து கதவுவரைக்கும் அது கைமாறிப் போகும். யாரும் இடம்விட்டு எழுந்து போய்க் கொடுப்பதில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது போகும். காய்ச்சல் வந்தபிறகு கையைக் கூப்பி ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. ஐயர் யோசித்தார். பிறகு சரி என்றார். இன்றைக்குத்தான் முதல் தடவை. நாற்பத்து மூன்று வீட்டுக்கு அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள், வாருங்கள், இந்த வாரம் கை கொடுக்கிறோம் என்று. எதற்கு இவ்வளவு பாடு என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். சபைக்காக என்றாள். சபைக்காகவா. ஊரே கை கொடுத்து வாங்கிவிட்டால், அன்றைக்கு அவள் கொடுத்த ஒரு கையும் அதற்குள்ளே போய்க் கலந்துவிடும் அல்லவா. ஆற்றில் விழுந்த ஒரு சொம்புத் தண்ணீர் மாதிரி எது என்று தெரியாமல் போய்விடும் அல்லவா. அதற்காகத்தான். இதை யாரிடம் சொல்ல.

பிரசங்கம் தொடங்கியது, ஆண்கள் பக்கத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. நாற்பத்து மூன்று வீடு. தபால் ஆபீஸ் தங்கதுரை அண்ணாச்சி வாசலிலேயே சிரித்தார். "ஏம்மா எப்சி, இயேசு இப்ப போன்லயே வாராருல்லா. காப்பியக் குடிச்சிட்டே கேக்கலாம். ஐயர் இழுத்தார்னா ஓட்டி விட்டுரலாம். கோயில்ல ஓட்டி விட முடியுமா?" அவர் மனைவி உள்ளேயிருந்து, "நீங்க கோயில்ல இருக்கும்போதும் தூங்கித்தான ஓட்டுனீங்க" என்றாள். எப்சிபாவும் சிரித்தாள். கடைசித் தெரு மரியசெல்வம் கதவைத் திறக்கவேயில்லை, ஜன்னல் வழியாக, "எங்க மாமாவ நாலு பேரு பிளாஸ்டிக் உடுப்புப் போட்டுட்டு வந்து குழிக்குள்ள இறக்குனாங்கல்லா, அன்னைக்கு உங்க சபை எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டாள். அன்றைக்கு எப்சிபா மெத்தைமேல் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாக்கில் உப்பு எது சீனி எது என்று தெரியாமல். யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போகவில்லை. போயிருந்தால் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்து தோசை சுட்டாள். தோசையும் தெரியவில்லை. அதே மூன்றாம் நாள்தான் ரூபவதி அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு சுகிர்தம் வீடு. நாற்பத்து மூன்றில் கடைசியாக வைத்துக்கொண்ட வீடு, வியாழக்கிழமை சாயங்காலம். சுகிர்தம் ரூபவதி அக்காவுக்குத் தங்கை. எப்சிபாவோடு ஒரே பெஞ்சில் பத்தாவதுவரை படித்தவள். அக்காளும் தங்கையும் கலியாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டில் இருந்தார்கள், அக்காள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தங்கை தையல். அக்காள் போனதிலிருந்து ஒன்றரை வருஷமாகத் தங்கை கோயிலுக்கு வரவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. துணி ஓரம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"கை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"நீயும் குடுப்பியா?"

"குடுப்பேன்" என்று எப்சிபா சொன்னாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நீயும் குடுப்பியா. வியாழன் ராத்திரி, வெள்ளி, சனி, அந்த வார்த்தையை நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தாயிற்று, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. நீயும். நீ கூடவா. உனக்கு இன்னும் கை இருக்கிறதா. பார்த்தவள் அவள் ஒருத்திதானே. அன்றைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதானே.

பின்னால் மரம் கிரீச் என்றது. நாலாம் பெஞ்சு. அந்தப் பெஞ்சின் நடைப்பக்கத்து ஓரத்தில் ஒரு பொருத்து விட்டுப்போய்க் கிடக்கிறது, அந்த ஓரத்தில் யார் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு சத்தம் வரும். சுவர்ப்பக்கம் உட்கார்ந்தால் வராது. இருபது வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவளுக்கு ஆராதனை தொடங்கும், கிரீச், பிறகு ரூபவதி அக்காவின் குரல், "என்னட்டி, கழுத்துல புதுச் சங்கிலி போல." அந்த ஓரம் அக்காளுடையது. சுகிர்தம் சுவரோரம்தான் உட்காருவாள். ஒன்றரை வருஷமாகச் சத்தம் போடாத பெஞ்சு. பிரசங்கத்துக்கு நடுவில் வந்து அந்த இடத்தில் உட்கார யாருக்கு என்ன உரிமை. விவரம் தெரியாத புது மருமகள் யாராவது இருக்கும். இல்லை, ஒருவேளை. ஒருவேளை என்பதற்குமேல் நினைக்க விடாமல் மனசைப் பிடித்து நிறுத்தினாள். அது நிற்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போகும் வெள்ளைப் புடவையோடு அங்கே இருக்கிறாள், கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்றது. வாசனை தெரிந்தாலாவது ஆளைச் சொல்லலாம், அக்கா மேல் எப்போதும் டெட்டால் வாசனை. வாசனையும் இல்லை. கழுத்துக்குப் பின்னால் வெறும் காற்று. மின்விசிறி முனகியது, ஐயர் காணாமல்போன ஆட்டைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முனகலுக்கும் முனகலுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு விசில் சத்தம், மூச்சு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. இளைப்பு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் கேட்ட இளைப்பு. சுகிர்தம் வந்திருக்கிறாள். வந்து அக்காள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அது ஈஸ்டர் விடியற்காலம். முதல் காய்ச்சல் அடங்கி இரண்டாவது வருமோ வராதோ என்று இருந்த நேரம். ஐயரும் அப்போது வேறே ஐயர், மைக்கில் மூன்று தடவை சொன்னார், யாரும் கையைத் தொட வேண்டாம், கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று. நாலு மணி இருட்டு, எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி, எல்லார் மூக்கிலும் துணி. எப்சிபாவுக்குத் தொண்டை அரித்துக்கொண்டிருந்தது. பாட்டின் நடுவில் இருமினாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. சமாதானம் என்று ஐயர் சொன்னதும் திரும்பினாள். ரூபவதி அக்கா மெழுகுவர்த்தியைப் பெஞ்சில் சொட்டவிட்டு நிறுத்திவைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள், துணிக்குமேல் கண் மட்டும் சிரித்தது. எப்சிபா கையை நீட்டினாள். "கும்பிட்டாப் போதும்ட்டி, ஐயர் சொல்லுதாருல்லா" என்றாள் அக்கா. "ஈஸ்டருக்குமாக்கா?" என்று சொல்லி எப்சிபா அந்தக் கும்பிட்ட கையைப் பிரித்து, பிரித்து என்பதுதான் இப்போது அவளைக் கொல்லுகிறது, வேண்டாம் என்ற கையைப் பிரித்து, நடுவில் தன் கையை வைத்து அழுத்தினாள். அக்கா இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. சுவரோரம் சுகிர்தம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கையில் இருந்த மெழுகுவர்த்தி ஆடியதுகூட ஞாபகம் இருக்கிறது. பதினேழாம் நாள் அக்கா இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், ஒரு நாளைக்கு நூறு நோயாளியைப் பார்த்தவள், எங்கே வாங்கினாளோ என்று ஊர் சொன்னது. எப்சிபாவும் ஒன்றரை வருஷமாக அதையே சொல்லிக்கொள்ளுகிறாள். நூறு பேர். நூறு பேரில் யாரோ. கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் கணக்கு டீச்சருக்கு அந்த நூற்றோடு ஒன்று கூட்டாமல் இருக்க முடியவில்லை.

பிரசங்கம் முடிந்தது, விசுவாசப்பிரமாணம் முடிந்தது, ஜெபங்கள் முடிந்தன. வாய் தானாகச் சொன்னது. ஐயர் பீடத்திலிருந்து இறங்கினார். ஆண்கள் பக்கம் ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாருக்கு ஒரு கை, பெண்கள் பக்கம் ஐயரம்மாவுக்கு ஒரு கை. ஐயரம்மா திரும்பிப் பொன்னுக்கிளிப் பெரியம்மைக்குக் கொடுத்தாள். கோயிலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், இரண்டரை வருஷம் கழித்து ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதைப் பார்த்து. பெரியம்மை தட்டுத்தடுமாறித் திரும்பி, எங்கே இருக்கிறாய் என்று காற்றில் துழாவி எப்சிபாவின் கையைப் பிடித்தாள். "சமாதானம் மக்கா" என்றாள். அந்தக் கை சூடாக, லேசாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. எப்சிபாவுக்கு அழுகை முட்டியது. ஆயிற்று, இனிமேல் எல்லாம் ஆயிற்று, இனித் திரும்பி இதை அப்படியே கொடுத்துவிட்டால் போதும், பின்னால் போய்விடும், கதவுவரைக்கும் போய்விடும். திரும்பினாள். சுகிர்தம் எழுந்து நின்றாள். முகம் இளைத்து, காதோரம் நரைத்து, அக்காளின் மெரூன் புடவையில். இரண்டு கையையும் லேசாக விரித்து, திருவிருந்தில் அப்பத்தை வாங்க நீட்டுவதுபோல் நீட்டிக்கொண்டு நின்றாள். முன்னாலேயே நீட்டிவிட்டாள். கேட்கக்கூட வேண்டாம். அந்த இளைப்பு மட்டும், உள்ளே ஒரு விசில், வெளியே ஒரு விசில். எப்சிபாவின் தொண்டையில் அரிப்பு எழுந்தது. தூசி. தூசிதான். இளைப்புக்காரி. ஒருத்தி போதாதா. அந்த இடம், அதே இடம், அதே கை, ஒருத்தி போதாதா உனக்கு. நீள் என்று தன் கைக்குச் சொன்னாள். கை மேலே எழுந்தது, எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நெஞ்சுக்கு நேரே கும்பிட்டுக்கொண்டது. யாரோ வேறொருத்தி கும்பிடுவதுபோல அவளே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையும் ஆடியது, சமாதானம். சுகிர்தத்தின் கை நீட்டியபடியே இருந்தது. ஒரு பாட்டின் ஒரு அடி பாடும் நேரம் இருக்கும். பிறகு அது மெதுவாக மடங்கி, அதுவும் கும்பிட்டது. பின்னால் கதவோரம் நின்ற ஏழெட்டுப் பெண்கள் இதைப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று வீட்டுக்கு வந்து அழைத்த டீச்சரே கும்பிடுகிறாள். அவர்களும் கும்பிட்டார்கள். நடைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள், ஐந்தாம் பெஞ்சுவரை வந்திருந்த கை அங்கேயே நின்றது, கும்பிட்டார்கள். ஐயர் பீடத்தடியில் நின்று பார்த்தார். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினார்.

திருவிருந்துக்கு எழுந்து போனதும் வந்ததும், ஐயர் ஆசீர்வாதம் கூறியதும் எப்சிபாவுக்கு எங்கோ தூரத்தில் நடந்ததுபோல இருந்தது. கடைசிப் பாட்டு முடியுமுன்னே கதவோரத்துச் செருப்புகள் கிளம்பிவிட்டன. முன்பெல்லாம் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்று, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை பேசிவிட்டுத்தான் கலைவார்கள். இப்போது வண்டிகள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு போயின. ஐயர் படியில் அவளைத் தாண்டும்போது, "பரவாயில்ல டீச்சர், அடுத்த வாரம் பாப்போம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஐயரம்மா பெரியம்மையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உபதேசியார் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு, முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். வாசல் படியில் சுகிர்தம் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதால் நிதானமாகப் போட்டாள். ஓடிவிடலாமா என்று எப்சிபாவுக்கு இருந்தது. தூணோரம் நின்றாள்.

"ஏட்டி" என்றாள் சுகிர்தம், வாரைப் பார்த்தபடியே. "அந்த ஈஸ்டர் அன்னைக்கு அக்கா வீட்டுக்கு வந்து கை கழுவல."

இதோ வந்துவிட்டது என்று எப்சிபா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல்லயே சோப்பு வச்சிருப்பா. ஆஸ்பத்திரில இருந்து வந்தா முழங்கை வரைக்கும் தேய்க்காம உள்ள கால் வைக்க மாட்டா. அன்னைக்குக் கழுவாம முன்னறையில உக்காந்து கையவே பாத்துட்டிருந்தா. என்னக்கான்னு கேட்டேன். ஒரு வருசம் ஆச்சுட்டி, என்னை ஒரு ஆளு ஆசையாத் தொட்டுன்னா." சுகிர்தம் அடுத்த செருப்பை எடுத்தாள். "எனக்கு இளைப்புன்னு அவ ஒதுங்கி இருந்தா. தனித் தட்டு, தனிப் பாய். நானும் சரின்னு இருந்துட்டேன். காய்ச்சல் வந்தப்பவும் கஞ்சியக் கதவுக்கு இந்தப் பக்கம் வச்சிட்டு ஓடுனேன். ஆம்புலன்சுல ஏறும்போது கைய நீட்டுனா. நான் போகல. பயம்."

எப்சிபா வாயைத் திறந்தாள். ஒன்றரை வருஷம் கிடந்தது தானாக வெளியே வந்தது. "எனக்கு அன்னைக்குத் தொண்டை சரியில்ல சுகிர்தம். எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

"தெரியும். பாட்டுல ரெண்டு வாட்டி இருமுன. பின்னால நின்னேம்லா." சுகிர்தம் தூணைப் பிடித்து எழுந்தாள். "அக்காவும் கேட்டா. அவ நர்சுல்லா, அவளுக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான் கையக் குடுத்தா." பையைத் தோளில் மாட்டினாள், குடையை எடுத்தாள். "அவளைக் கடைசியா ஆசையாத் தொட்ட கை உன் கைதான். அதான் அன்னைக்குக் கேட்டேன், நீயும் குடுப்பியான்னு. அதை வாங்கத்தான் வந்தேன்."

எப்சிபா கையை நீட்டினாள். இப்போது நீண்டது, ஒரு தடையும் இல்லாமல், ஒரு தூசியும் இல்லாமல், தூணிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து சுகிர்தத்தின் முன்னால் நின்றது. சுகிர்தம் அதைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. துணியின் அளவு பார்ப்பதுபோல, போதுமா போதாதா என்று பார்த்தாள்.

"இருக்கட்டும்ட்டி" என்றாள். "அவ இடத்துல நின்னு வாங்கணும்னு இருந்தேன். வாசல்ல வச்சு என்ன."

"உள்ள வா, சுகிர்தம். வா, போய் நிப்போம். கதவு தொறந்துதான் இருக்கு."

"ஆராதனை முடிஞ்சிட்டுல்லா."

"அடுத்த வாரம் வருவியா?"

சுகிர்தம் குடையை விரித்தாள். ஒரு கம்பி மடங்கியிருந்தது, அதை நிமிர்த்திவிட்டாள். "பாப்போம்" என்றாள். நாற்பத்து மூன்று வீட்டில் பல வீடு சொன்ன அதே பாப்போம். படியிறங்கி, வெயிலில் சிவந்து கிடந்த மண்ணில் நடந்தாள். வேப்பமரத்தடியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், எப்சிபா இரண்டு படி இறங்கினாள், அதற்குள் குடை நகர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிவரைக்கும் கறுப்புக் குடை தெரிந்தது, அதன் அடியில் மெரூன் ஓரம். தொட்டியைத் தாண்டித் தெரு வளைகிற இடத்தில் திரும்பிப் பார்க்காமல் வளைந்து போனாள்.